பெருங்காய டப்பாவில் ஊறிய சுருட்டுகள்

“தை, இரண்டாம் ஞாயிறு. செம்பூர். அக்கா மகள் நிச்சயம். சாப்பாடு நன்று, பாயசத்தில் சர்க்கரை அதிகம். பிற்பகல் மொட்டைமாடியில் சுருட்டு. வாடை சகிக்கவில்லை. சம்பந்தி இரண்டு குடித்தார், மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அத்தான் முகம் சரியில்லை.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். ஊரடங்கு தளர்ந்து, கல்யாண மண்டபங்கள் திறந்தும் திறக்காமலும் இருந்த வருஷம் அது. மும்பை மாட்டுங்காவில் என் வீட்டு அலமாரியில் இப்படிப்பட்ட நாட்குறிப்புகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவற்றை இப்போது படித்தால் எதுவும் தோன்றுவதில்லை. இந்த ஒரு பக்கத்தை மட்டும் தாண்டிப் போக முடிவதில்லை. சகிக்கவில்லை என்று நான் எழுதியது வாடையைப் பற்றித்தான். ஆனால் சகிக்க முடியாமல் போனது வாடை மட்டுமல்ல.

அத்தான் என் அக்காவின் கணவர். துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். செம்பூரில் ஒரு படுக்கையறை வீடு, ஒரே மகள், மாதக் கடைசியில் எப்போதும் கொஞ்சம் இழுபறி. அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் ஞாயிற்றுக்கிழமைச் சுருட்டு. வாரத்திற்கு ஒன்றுதான், ஆனால் அது நல்லதாக இருக்க வேண்டும். புகையிலையை எந்த வடிவத்திலும் எனக்குப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தான் பாதி குடித்து அணைத்து வைத்த சுருட்டை, எச்சிலில் ஊறிக் கறுத்த அதன் நுனியை, மழையில் நனைந்த நாய் போல அது வீட்டுக்குள் பரப்பும் நாற்றத்தை நான் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை. மீதிப் பாதியை அவர் புதன்கிழமை பற்றவைப்பார். அன்று நான் செம்பூர் பக்கமே போகமாட்டேன்.

இருந்தாலும் குறைந்த காசில் நல்ல சுருட்டு குடிக்க அவர் வைத்திருந்த முறையைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். ஃபோர்ட் பகுதியில் ஒரு பழைய புகையிலைக் கடை உண்டு. மேல் இலையில் புள்ளி விழுந்த சுருட்டையும், நரம்பு புடைத்த சுருட்டையும் அந்தக் கடைக்காரர் பெட்டியில் அடுக்கமாட்டார். அவற்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, பெட்டிச் சுருட்டின் பாதி விலைக்கும் கீழே அத்தான் வாங்கிவருவார். “மேலெல பாக்குறவனுக்கு, உள்ளெல குடிக்கிறவனுக்கு மாப்ளே” என்பார். வாங்கியதை உடனே குடிக்கமாட்டார். மூடி இறுகிய தகர டப்பாவில், தாராவித் தச்சுப்பட்டறை ஒன்றிலிருந்து கொண்டுவந்த தேவதாருச் சீவலைப் பரப்பி, அதன்மேல் அடுக்கி, ஆறு மாதம் ஊறவிடுவார். பனிக்காலத்தில் இலை காய்ந்துவிடாமல் இருக்க, நனைத்த ஓட்டாஞ்சில்லு ஒன்றை டப்பாவின் மூலையில் வைப்பார். மழைக்காலத்தில் சில்லை எடுத்துவிட்டு ஒரு துணி முடிச்சில் அரிசி வைப்பார். பணக்காரர்கள் இதற்கென்று மரப்பெட்டி வாங்குகிறார்கள் என்று நான் ஒருமுறை சொன்னபோது, “அவங்க பெட்டிய வாங்குதாங்க, நான் ஆறு மாசத்த வாங்குதேன்” என்றார்.

சம்பந்தி அந்த மரப்பெட்டி ரகத்தைச் சேர்ந்தவர். தாராவியில் முறுக்கு, மிக்சர், காராசேவு போடும் பட்டறை வைத்து வளர்ந்தவர். பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். இப்போது செம்பூரிலேயே லிஃப்ட்டில் காது அடைக்கிற உயரத்தில் வீடு. ஆவணியில் பெண் பார்க்க வந்தபோதே சட்டைப்பையிலிருந்து ஓர் உலோகக் குழாயை எடுத்து, அதற்குள்ளிருந்து சுருட்டை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு, “இது ஒண்ணு என்ன வெல இருக்கும்னு நெனைக்கிய?” என்று கேட்டார். அத்தான் தெரியாது என்றார். சம்பந்தியே விலையைச் சொன்னார். அக்கா உள்ளே போய்விட்டாள். அவர்கள் கிளம்பியதும் அத்தான் என்னிடம், “வெலயச் சொன்னாரு, ருசியச் சொல்லலியே” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கவலையாகவே சொன்னார்.

எங்கள் பக்கத்தில் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு வெற்றிலைத் தட்டில் சுருட்டும் வைத்து நீட்டுவது வழக்கம். இப்போது யாரும் செய்வதில்லை, அல்லது பெயருக்கு ஒரு சிகரெட் பாக்கெட்டை வைத்துவிடுகிறார்கள். அத்தான் செய்வது என்று முடிவெடுத்தார். நகையில், சீரில், மண்டபத்தில் அந்த மனிதரோடு நிற்க முடியாது. சுருட்டில் நிற்கலாம் என்று நினைத்தார். மகள் போகிற வீட்டில் தன்னையும் ஒரு ஆளாக எண்ண அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். ஆவணியிலிருந்து தை வரை ஒரு ஞாயிறுகூடத் தனக்கென்று ஒன்று எடுக்கவில்லை. வாங்கியது, முன்பு ஊறவைத்தது எல்லாவற்றையும் சேர்த்தார். பழைய டப்பா கொள்ளவில்லை.

அப்போதுதான் அக்கா பெரிய டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மாட்டுங்காவில் மொத்தமாக வாங்கிய பெருங்காயம் தீர்ந்துபோன டப்பா. புளி போட்டுத் தேய்த்து, கழுவி, மொட்டைமாடியில் நாள்கணக்கில் வெயிலில் வைத்து எடுத்திருந்தாள். முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை என்றாள். அத்தானும் முகர்ந்து பார்த்து இல்லை என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. விடிந்ததும் பெருங்காயம் பொரிகிற வீட்டில், பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் வளர்ந்த மூக்குக்கு அது ஒரு வாசனையாகவே படுவதில்லை. டப்பாவைக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சமையலறைப் பரணில் வைத்தார்கள். சில்லு நனைக்க அத்தான் அதை அங்கேயே, சாம்பார் கொதிக்கும்போதே திறந்து மூடினார். புகையிலை, பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோலக் குடிக்கும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

நிச்சயம் அத்தானின் கட்டடத்து மொட்டைமாடியில், பந்தல் போட்டு நடந்தது. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒதுங்கினோம். அத்தான் வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, பக்கத்தில் சுருட்டுகளை அடுக்கி, சம்பந்தி முன்னால் இரு கையாலும் நீட்டினார். சம்பந்தி ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். அவருடைய தம்பிமார் இருவரும், பட்டறைக் கணக்குப்பிள்ளையும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். மரியாதைக்கு அத்தானும் ஒன்று பற்றவைத்தார்.

பெருங்காயம் எண்ணெயில் பொரிந்தால் மணம். இலையோடு சேர்ந்து கருகினால் என்ன ஆகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். டயர் எரிகிற நாற்றம், அழுகிய வெங்காயம், தேவ்நார் குப்பைமேட்டுப் பக்கமிருந்து கோடையில் வரும் காற்று, மூன்றும் சேர்ந்து இனிப்பாகவும் இருந்தது. அந்த இனிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி விலகினேன். தம்பிமாரில் ஒருவர் இருமினார். கணக்குப்பிள்ளையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தான் ஒரே இழுப்பில் புரிந்துகொண்டார். அவர் முகம் அவிந்துபோனதை நான் பார்த்தேன்.

சம்பந்தி கண்ணை மூடிப் புகையை விட்டார். “க்யா பாத் ஹை! ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்க புடிச்சிய சம்பந்தி?” என்றார்.

“இல்ல சம்பந்தி, இது கெட்டுப்போச்சு. போட்டுருங்க. தப்பா நெனைக்காதிய.”

“கெட்டதா? நல்லா சொன்னிய! இந்த மசாலா வாசன பின்னால வருது பாத்தியளா, இது இம்போர்ட்டட்ல மட்டுந்தான் வரும். நம்ம ஊரு சுருட்டுல வராது.”

“ஆமா அண்ணாச்சி, பின்னால வருது” என்றார் கணக்குப்பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“முன்னாலயும் வருதே” என்றார் இருமிய தம்பி. மற்றவர் இன்னொரு இழுப்பு இழுத்துத் தலையாட்டினார்.

பெருங்காயத்தில் பிழைப்பவர்கள் இவர்கள். மூட்டை மூட்டையாக வாங்கி மாவில் கலந்து விற்பவர்கள். அந்த வாசனையை இவர்களைவிடத் தெரிந்தவர்கள் மும்பையிலேயே இருக்க முடியாது. அதை முகத்துக்கு நேராக எரித்துக்கொண்டு, வெளிநாட்டு மணம் என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். முதலாளி கண்ணை மூடினால் கணக்குப்பிள்ளைக்கு மணக்கிறது. அண்ணன் சிரித்தால் தம்பிக்கு இனிக்கிறது. எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ தலையாட்டல்களை நான் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். கண்ணில் நீர் வழிய, தொண்டை எரிய ஆட்டிய தலைகளை அன்றுதான் பார்த்தேன். சம்பந்தி இரண்டாவதையும் குடித்துவிட்டு, “மிச்சத்த நான் எடுத்துக்கிடுதேன், நம்ம சிநேகிதங்களுக்குக் காட்டணும்” என்று டப்பாவைக் கேட்டார். பெண்ணைப் பெற்றவர் எப்படி இல்லை என்பார்? கொடுத்தார்.

அன்று மாலை பந்தல் பிரித்தபோது அத்தான் தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். “அவரு மூஞ்சியச் சுளிச்சுத் துப்பியிருந்தா, மாப்ளே, நான் அவரு காலத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்” என்றார். “துப்பாமக் குடிச்சாரே. ரெண்டு குடிச்சாரே. இவரு கையிலயா பிள்ளயக் குடுக்கேன்?”

கல்யாணம் நடந்தது. சடங்குக்கு எங்கெல்லாம் நிற்க வேண்டுமோ அங்கெல்லாம் அத்தான் நின்றார். அதன் பிறகு அந்த உயரமான கட்டடத்தில் கால் வைக்கவில்லை. சுருட்டையும் விட்டார். எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் தன் வீட்டுக்கே வரச்சொல்லுவார். அவள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்தாள், ஆண் குழந்தை பிறந்தது, குழந்தையோடு மாமனார் வீட்டுக்குத் திரும்பினாள். பேரனைப் பார்க்கவும் அவர் அங்கே போகவில்லை. அக்கா தனியாகப் போய்வந்தாள். முட்டிவலி என்று சொல்லிக்கொண்டார்கள், லிஃப்ட் இருக்கிற வீட்டுக்கு.

சென்ற மார்கழியில் அக்கா மகள் என்னைத் தேடி வந்தாள். காப்பியைத் தொடாமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாமா, எங்க மாமனாருக்கு வாசனையே தெரியாது.”

“யார் சொன்னா?”

“நானே பாத்தேன். கேஸ் லீக் ஆயி வீடெல்லாம் நாறுது. நான் குளிச்சுட்டு ஓடி வாரேன், அவங்க கிச்சன்லயே உக்காந்து பேப்பர் படிக்காங்க. கேட்டா மொதல்ல கோவிச்சாங்க. அப்புறம் அழுதுட்டாங்க மாமா. மூக்கு போச்சுன்னு பட்டறைல தெரிஞ்சா எண்ணெய மாத்தி ஊத்திருவானுவோ, சரக்குல ஏமாத்துவானுவோன்னு யாருட்டயும் சொல்லலியாம். அத்தைட்ட கூட.”

காய்ச்சல் வந்து போனதில் மூக்கு போயிருக்கிறது. எந்தக் காய்ச்சல் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு இரண்டு முறை வந்தது. ஒன்று ஊரடங்கின்போது, நிச்சயத்துக்கு முன். இன்னொன்று கல்யாணம் முடிந்த மழைக்காலத்தில்.

“அப்பாட்ட நீங்க சொல்லுங்க மாமா. நான் சொன்னா எங்க மாமனாருக்குப் பரிஞ்சு பேசுதேன்னு நெனைப்பாங்க.”

அன்றே செம்பூர் போய்ச் சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேன். முதல் காய்ச்சலில் போயிருந்தால், அன்று மொட்டைமாடியில் நின்றவர் தன் குறையை மறைக்க வாயில் வந்ததைச் சொன்ன பாவப்பட்ட மனிதர். இரண்டாவதில் போயிருந்தால், அன்று அவருக்கு மூக்கு நன்றாகவே இருந்திருக்கிறது. நாற்றம் தெரிந்தே பகட்டுக்காகப் புகழ்ந்தார் என்று நாம் நினைத்ததுதான் சரி. ஆகவே தேதி தெரியாமல் எதுவும் முடிவு செய்வதற்கில்லை என்றேன்.

அத்தான், “அந்தக் கணக்குப்பிள்ளைக்கு?” என்றார்.

“அவருக்கும் தம்பிமாருக்கும் மூக்கு இருந்துது. கண்ணுல தண்ணி வந்துதே.”

“அவனுவோ கெடக்கட்டும்.” எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். “நீ தேதியப் பாத்துக்கிட்டு இரு மாப்ளே. நான் பிள்ளயப் பாத்துட்டு வாரேன்.”

அக்கா செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். அவள் முகத்தை நான் பார்க்காமல் இருந்துகொண்டேன்.

இப்போது பட்டறையை மாப்பிள்ளை கவனிக்கிறார். மறைக்க ஒன்றுமில்லாததால் சம்பந்தி தன் மூக்கைப் பற்றித் தானே சொல்லிச் சிரிக்கிறார், இதை எழுதுவதற்கும் தடை சொல்லவில்லை. ஞாயிறு பிற்பகல்களில் அவர் வீட்டு பால்கனியில் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஃபோர்ட்டிலிருந்து வந்த புள்ளி விழுந்த சுருட்டுகளைக் குடிக்கிறார்கள். “இது எப்படி இருக்கு சம்பந்தி?” என்று அவர் கேட்கிறார், அத்தான் விளக்குகிறார். நான் ஒருமுறை போயிருந்தேன். பால்கனிக் கதவை வெளியிலிருந்து சாத்தச் சொன்னேன், அந்த நாற்றம் எனக்கு இன்னும் ஆகாது. அந்தக் கணக்குப்பிள்ளையும் அங்கே வந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். எனக்குத் திருப்பிக் கும்பிடக் கை எழவில்லை.

கிளம்பும்போது சம்பந்தியிடம், மூக்கு எந்தக் காய்ச்சலில் போனது என்று கேட்டேன். “அது கெடக்கு போங்க, ரொம்ப நாளாச்சு” என்றார். அவர் மனைவி முதல் காய்ச்சல் என்கிறார், மகன் இரண்டாவது என்கிறார். பார்த்த டாக்டர் யார் என்பதிலும் இருவருக்கும் ஒப்பவில்லை, மருந்துச் சீட்டு எதுவும் கிடைக்கவில்லை. அத்தானிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். இதை எழுதும் இன்றுவரை அந்தத் தேதி உறுதிப்படவில்லை.