பிரேக் கத்திய காலை

என் மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் போய்விட்டது என்று நான் முழு மனதோடு நம்பினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரிப்பவர்கள் இப்போதே தொடங்கிவிடலாம்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. பினாங்கு ஆயர் ஈத்தாமில் மேட்டுமேல் இருக்கிறது எங்கள் வீடு. பின்னால் கொஞ்சம் மண் தரை, இரண்டு வாழை, ஒரு ரம்புத்தான் மரம். அங்கேதான் சில கம்போங் கோழிகளை, அதாவது நாட்டுக்கோழிகளை, திறந்துவிட்டு வளர்க்கிறேன். அவற்றில் ஒருத்திக்கு ‘மேடம்’ என்று பெயர். நடையைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். மேடத்தின் குஞ்சுகள் அப்போது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, இறக்கையில் புது இறகு முளைத்து, கண்ட இடத்திலெல்லாம் தொற்றி ஏறிக்கொண்டிருந்தன.

கூண்டில் அடைக்க வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. கோழிக்கும் சுதந்திரம் வேண்டும் என்பது என் கட்சி. முந்தின வாரம் ஓர் உடும்பு வந்து ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போனதில் என் கட்சி படுதோல்வி அடைந்தது. “இன்னொன்னு காணாமப் போகட்டும், அத்தனையையும் நிபோங் திபால்ல என் தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று சொல்லிவிட்டாள். மச்சான் கோழி வளர்க்கிறவன் இல்லை. சாப்பிடுகிறவன்.

அன்று காலை “பா... பா... பா...” என்று கூப்பிட்டு அரிசிக் குருணையை வீசினேன். எல்லாம் ஓடி வந்தன, கறுப்புக் குஞ்சைத் தவிர. மேடம் இரை பக்கமே வராமல் வாழையைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தினாள். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கால்வாயில் தலையை விட்டுப் பார்த்தேன். கடைசியில் என் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பூனைமேல் போய் உட்கார்ந்தது.

“அக்கா! உங்க பூனை எங்க?”

“சோபால தூங்குது. ஏன் தம்பி?”

“சும்மா தூங்குதா, சாப்பிட்டுட்டுத் தூங்குதா?”

“பல்லே இல்லாத பூனை லா அது! மீனையே நான்தான் பிசைஞ்சு குடுக்கறேன்!”

வேலிக்கு இந்தப் பக்கம் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “பூனைகூட சண்டை போட்டது போதும். போய்க் கம்பி வலை வாங்கிட்டு வாங்க. வரும்போது தம்பிக்குப் போன் பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவோம்.”

மோட்டாரை எடுத்தேன். வளைவில் பிரேக்கை அழுத்தினேன். கீச்! விட்டேன், சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினேன். கீச், கீச்! எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எதிரே இறக்கம். பிரேக்கைப் பிடித்தால் கத்துகிறது, பிடிக்காவிட்டால் ஓடுகிறது. மனிதன் என்னதான் செய்வான்? இரண்டு காலையும் ரோட்டில் தேய்த்துக்கொண்டு, “பிரேக் இல்ல! பிரேக் தாடா!” என்று ஒரே சேதியைத் தமிழிலும் மலாயிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டே இறங்கினேன். என் கணக்கில் அது மரண வேகம். பழைய சைக்கிளில் ஒரு சீனத் தாத்தா மணியடித்து என்னை முந்திக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார்.

ஒரு வழியாக அடிவாரத்து மோட்டார் கடையில் போய் விழுந்தேன். கடைக்காரத் தம்பி எனக்குப் புதியவர். என் முகத்தைப் பார்த்ததும் முதலில் ஸ்டூல் போட்டார், அப்புறம் தண்ணீர் கொடுத்தார், அதற்கப்புறம்தான் மோட்டாரைப் பார்த்தார். ஒரு குலுக்குக் குலுக்கினார். கீச்.

“பிரேக் ஷூ தேஞ்சிருச்சு அண்ணே. கேட்டாலே தெரியுது” என்றார் ஒரு டாக்டர் மாதிரி.

“நான் அப்பவே நெனச்சேன்” என்றேன் இன்னொரு டாக்டர் மாதிரி.

பின்சக்கரத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். கீச் கீச் என்று மறுபடியும் சத்தம் வந்தது. தம்பி அசையாமல் நின்றார். இன்ஜினும் ஓடவில்லை.

“அண்ணே... டயரு என் கையில இருக்கு.”

“அப்ப எது கத்துது?”

“அதான் நானும் கேக்கறேன்.”

பக்கத்தில் காத்திருந்த மலாய்க்காரப் பெரியவர், இது பேய் பிடித்த வண்டி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் போனார். நானும் அவரோடு போயிருப்பேன். ஆனால் அந்தச் சத்தம்! எனக்குத் தெரிந்த சத்தமாயிற்றே அது! எழுந்து மோட்டாருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, “பா... பா... பா...” என்றேன். கடைக்காரத் தம்பி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் என் தலையைப் பார்த்தார்.

ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் முன் கவருக்குள்ளிருந்து பதில் வந்தது. கீச் கீச் கீச் கீச்!

“கழட்டுங்க தம்பி, சீக்கிரம் கழட்டுங்க!” நான் கத்தினேன். அவசரத்தில் தம்பியின் கையிலிருந்து திருகாணி ஒன்று நழுவி உருண்டோடியது. பேய்க்குப் பயந்த பெரியவரே தரையில் தவழ்ந்து அதை எடுத்துக் கொடுத்தார். கவர் விலகியது. தலையில் கிரீஸ் அப்பிக்கொண்டு, ஒயருக்கு நடுவே உட்கார்ந்து எங்கள் மூன்று பேரையும் முறைத்தது கறுப்புக் குஞ்சு! நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர்க் காப்பிக் கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். முந்தின நாள் மாலை மழை. சூடான மோட்டாரைக் கொல்லையில் நிறுத்தியது நான்தான். குளிருக்கு இடம் தேடி அது கவருக்குள் ஏறியிருக்கிறது. நான் பிரேக் போட்டு வண்டி குலுங்கும்போதெல்லாம் கத்தியிருக்கிறது.

சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தரையில் விட்டதும் மேடம் பாய்ந்து வந்து, கிரீஸையும் பார்க்காமல் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா கைதட்டினார். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, போனை எடுத்து, “தம்பி, கோழி வராது. நீ மீன் வாங்கிக்க” என்றாள்.

இப்போதெல்லாம் ஏதாவது காணாமல் போனால், ஊரைக் கூட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைக்கப் பழகி வருகிறேன். இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் அந்தக் காலையை நினைத்தால் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது. ஏனென்றால் பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை; நான் பதறித் தேடிய குஞ்சு, என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வழி நெடுக என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறது.