பம்புசெட் இங்கிலீஷ்

அரைப் பரீட்சைக்குள் வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசாவிட்டால் என்னைத் தமிழ் மீடியத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவதாக ஆறாம் வகுப்பு மிஸ் சொல்லிவிட்டார். அதுவரை எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'எஸ் மிஸ்', 'நோ மிஸ்'. அதிலும் எதை எப்போது சொல்வது என்பதில் தகராறு. ஆனால் ரோஷத்துக்குக் குறைவில்லை. சாதா வார்த்தைகள் எல்லாப் பையன்களிடமும் இருந்தன. நான் உயர்ரக வார்த்தைகளாகவே சேர்ப்பது என்று முடிவெடுத்தேன்.

எங்கள் வீட்டில் இங்கிலீஷில் இருந்தவை, மோட்டார் மெக்கானிக்கான மாமா கொண்டுவந்து போடும் பம்புசெட் விளக்கப் புத்தகங்கள் மட்டும்தான். அவற்றிலிருந்து மனப்பாடம் செய்தேன். பல் விளக்கும்போது சென்ட்ரிஃபியூகல். போத்தனூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சப்மெர்சிபிள். அர்த்தம் கேட்டால் மாமா கிரீஸ் கையோடு விளக்குவார்.

"மாமா, செல்ஃப் பிரைமிங்னா என்னங்க?"

"மத்த பம்புன்னா தண்ணி ஊத்தித்தான் கிளப்போணுங் கண்ணு. இதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். சுவிட்சைப் போட்டா அதும்பாட்டுக்கு இழுத்துக்கும்."

அடுத்த வாரமே மிஸ் என்னை எழுப்பி, அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னார். விடியுமுன் எழுந்து, பால் கறந்து, சோறாக்கி, மில்லுக்கு ஓடி, திரும்பி வந்ததும் பாத்திரம் துலக்க உட்காரும் அம்மா கண்முன் வந்தாள்.

"மை மதர் இஸ் செல்ஃப் பிரைமிங், மிஸ். ஹெவி டியூட்டிங்க மிஸ்!"

பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். மிஸ் உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருந்த வீட்டுப் பெண்; பம்புசெட் பாஷை தெரிந்தவர். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "ஏன்டா, உங்கூட்ல மோட்டார் கடையா?"

"மாமா மெக்கானிக்குங்க மிஸ்."

"உக்காரு சாமி. நீ எங்கயும் போக வேண்டாம்."

வென்றுவிட்டேன்! சாயங்காலம் அம்மாவிடம் நடந்ததை அர்த்தத்தோடு அளந்தேன்.

"ஊரான் புள்ளைக பெத்தவளத் தெய்வங்குது, நீ மோட்டாருங்கறயா?" என்று விழுந்து விழுந்து சிரித்த அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "ஒரு சொம்பு தண்ணி கொண்டா சாமி."

நான் அதற்குள் மறுபடி புத்தகத்தைத் திறந்திருந்தேன். "இரும்மா, படிக்கறேன்ல."

அவளே எழுந்து போய்க் குடித்தாள்.

அந்தப் பக்கத்தின் அடியில், தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. பார்த்தேன். எல்லாமே சின்னச் சின்ன வார்த்தைகள். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.