பிளக்கைத் திருப்பிச் செருகினால்

எண்பதுகளின் நடுவில், சுவிஸுக்கு வந்த புதிதில், பீல் நகரில் குலம் அண்ணையோடு ஒரே அறையில் இருந்தேன். பிள்ளையார் படத்தைச் சுற்றிச் சின்னச் சிவப்பு லைற்றுகள் பூட்ட ஆசைப்பட்டேன். அதற்கு சுவர்க் கறன்றைப் பிரித்துக் குறைத்துத் தரும் ட்ரான்ஸ்போமர் வைத்த அடப்டர் கடையில் இருந்தது. எனக்கோ ஊரில் ரேடியோ திருத்திய திமிர். ட்ரான்ஸ்போமரே இல்லாமல் சுவர்க் கறன்றிலிருந்து நேரே ஒரு சேர்க்கிற் செய்து, அதன் ஒரு வயரைப் படத்தின் தகரச் சட்டத்தில் பற்றவைத்தேன். கறன்ற் இருந்தால் எரியும் ரெஸ்ரரால் தொட்டுப் பார்த்தேன். சட்டத்தில் கறன்ற் இல்லை.

வெள்ளிக்கிழமை அண்ணை அந்த லைற்றுகளின் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சேர்ட் அயன் பண்ணினார். பிறகு அதைத் திரும்பச் செருகி, சந்தனம் தொட்ட ஈரவிரலால் சட்டத்தில் பொட்டு வைத்தவர், கட்டிலில் போய் விழுந்தார்.

"தம்பி, கிட்டப் போகாத. படம் அடிக்குது," என்றார்.

ரெஸ்ரரை வைத்தேன், எரிந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகினேன், நூர்ந்தது. ஊரில் மூன்று பின் பிளக் ஒரு பக்கமாகத்தான் போகும். இங்கே இரண்டு பின் பிளக் எப்படியும் போகும், திருப்பிச் செருகினால் கறன்ற் வரும் வயர் சட்டத்தோடு சேர்ந்துவிடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது சுவரில் செருகுவது கடை அடப்டர் மட்டும்தான். என் கைவேலை எல்லாம் அந்த அடப்டரிலிருந்து வரும் வயரில்தான். அண்ணை வீட்டுப் படத்துக்கும் அதுதான். ஆனாலும் அவர் பிளக்கைக் கழற்றி, இடது கையில் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கும் பொட்டு வைக்கிறார்.