பந்து வந்தால் ஒதுங்குகிறவன்

1. தொட்டிக்குள் விழுந்த கதை

ஐஸ் ஃபேக்டரியில் என் முதல் நாள் வேலை பதினோரு நிமிடம்தான் நடந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தகர கேன்களில் நல்ல தண்ணீர் பிடித்து, குளிரூட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவைப்போம். உறைந்ததும் சங்கிலி போட்டுத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், ஐஸ் பாளம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். என்னைப்போல் இரண்டு ஆள் எடை. தரையெல்லாம் ஈரம். கிளம்பிவிட்டால் அது யார் சொல்லையும் கேட்காது.

நான் அதன் எதிரே போய், கன்றுக்குட்டியை மடக்குகிற மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றேன். அது மடங்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போனது. தொட்டியின் மேல் பலகை ஒன்று திறந்திருந்தது. அந்தக் குளிரில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, தெருவில் போன மீன்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாளாம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். பாளம் வந்தால் எதிரே நிற்கக் கூடாது. முன்னால் நிற்பவன் "வழி!" என்று கத்திவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போதே கொக்கியால் லேசாக ஒரு தட்டு தட்டித் திசை காட்டலாம். பின்னால் நிற்பவன் அதை வாங்கி, வண்டி வாசலுக்கோ நொறுக்கும் மெஷினுக்கோ அனுப்புவான். ஆறு வருஷம் கழித்து நானே மேஸ்திரி ஆனதும், இந்தச் சட்டத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை கத்தினேன். என் வீட்டில் பாத்திரம் உருண்டால்கூட எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள்.

2. பாகூர்க்காரன்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம். எங்கள் ஃபேக்டரி உப்பளத்தில், மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. முதலாளிக்கு ஹாக்கி என்றால் பைத்தியம். அதனால் எங்களுக்கும் ஒரு டீம் இருந்தது. மேனேஜர் நான். காரணம், விசில் என்னிடம்தான் இருந்தது.

அந்தப் பங்குனியில் சீசன் ஆளாக வந்து சேர்ந்தான் கலியமூர்த்தி. பாகூர்ப் பக்கம். வயது இருபத்தொன்று. அறுவடை முடிந்த கழனியில் பனை மட்டையை வைத்து ஆடிப் பழகியவன். முதல் நாள் ப்ராக்டிஸில் அவனைச் சோதிக்க நானே கோல் கீப்பராக நின்றேன். எட்டு கோல். ஒன்பதாவதை நான் தடுத்தேன், நெற்றியால்.

வீங்கிய நெற்றியோடு முதலாளியிடம் ஓடினேன். "முதலாளி! ஊர் டீமுக்கு சென்டர் ஃபார்வர்டு கெடைச்சுட்டான்!"

அவர் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார். "நல்லா பாத்துட்டியா?"

"நெத்தியப் பாருங்க."

"சரி. ஊர் டீம்ல எடுத்துட்டாங்கன்னா அவன் இங்க வருஷம் பூரா ஆளு. எடுக்கலன்னா, மழை வந்ததும் மத்த சீசன் ஆளுங்களோட கெளம்பிடட்டும். பாத்தவன் நீ. பதிலும் நீதான் சொல்லணும்."

இதைக் கலியனிடம் சொன்னபோது அவன் கொக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "எங்க கழனி கைவிட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆவுது மேஸ்திரி. ஊருக்குப் போனா அடுத்தவன் கழனிலதான் களை எடுக்கணும். நான் இங்கயே இருந்துடறேன். எடுத்துடுவாங்க இல்ல?"

"எடுக்காம?" என்றேன். என் வாய்க்கு எப்போதுமே அவசரம்.

3. ஒதுங்கும் வியாதி

ஆடி மாசம் வாக்கில் ஒன்று கவனித்தேன். பக்கவாட்டில் வரும் பந்தைக் கலியன் அருமையாக எடுத்தான். நேராக வேகமாக வரும் பந்துக்கு மட்டும், "வழி!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு ஒதுங்கினான். பந்து அது பாட்டுக்கு அவனைத் தாண்டி, கோட்டையும் தாண்டி, வாய்க்கால் பக்கம் போய்விடும்.

"டேய், இன்னாடா பண்ற?"

"தெரில மேஸ்திரி. காலு தானா ஒதுங்கிடுது."

அந்தக் காலை ஒதுங்கப் பழக்கிய புண்ணியவான் யார்? நாலு மாசமாக ஒரு நாளைக்கு நூறு தடவை. கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

வைத்தியமும் நானே பார்த்தேன். மாலையில் மைதானத்தில் அவனை நிறுத்தி, "எது வந்தாலும் எதிர்ல நில்லு! ஒதுங்காத! நெஞ்ச நிமிர்த்து!" என்று ஒரு வாரம் கத்தினேன். நல்ல மாணவன். எட்டாவது நாள் காலையில் ஃபேக்டரியில் பாளம் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. கலியன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதன் எதிரே நின்றான்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பிரெஞ்சிலும் இரண்டு வார்த்தை வந்ததாகச் சொன்னார்கள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவனுக்குப் பின்னால் நின்று பாளம் வாங்கும் தாவீது சட்டையைப் பிடித்து ஒரே இழு இழுத்தான். பாளம் சுவரில் மோதிப் பொடிப்பொடியானது. சுவரிலும் ஒரு பள்ளம் விழுந்தது.

"நீங்கதான மேஸ்திரி நிக்கச் சொன்னீங்க?" என்றான் கலியன், கீழே உட்கார்ந்தபடி.

அவன் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "நான் சொன்னத மறந்துடு. ஒதுங்கு. இங்கயும் ஒதுங்கு, அங்கயும் ஒதுங்கு. ஊர் டீமு இல்லன்னா போவுது. காலு ரெண்டும் இருக்கட்டும்."

"அப்போ மழை வந்தா ஊருக்குப் போவணுமா?"

நான் உடைந்த ஐஸ் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். என் வாய் அவசரப்படாத ஒரே தடவை அது.

4. அரைப் பக்கம்

ஊர் டீமுக்கு ஆள் எடுப்பவர் முசியே லூர்து. பிரெஞ்சுப் பள்ளியில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர், வெள்ளைத் தொப்பி. எதற்கும் காகிதம் வேண்டும் அவருக்கு. எந்த டீமிலிருந்து ஆள் வந்தாலும், அந்த டீம் மேனேஜர் அவனைப் பற்றி அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேட்ச் முடிந்ததும் கொடுக்க வேண்டும். போன வருஷம் என் மச்சானைப் பற்றி, "கோல் கீப்பிங்கில் கல் சுவர்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தச் சுவருக்குள் ஆறு கோல் போனது. "இன்னொரு பொய் எழுதினா உங்க ஃபேக்டரி ஆள நான் பாக்கவே மாட்டேன் மேஸ்திரி," என்று சொல்லியிருந்தார்.

ஆகவே அவர் ஆள் பார்க்க வரும் மேட்ச் அன்று மதியம் காப்பிங் பென்சிலை எடுத்து உண்மையை எழுதினேன்.

"கலியமூர்த்தி. சென்டர் ஃபார்வர்டு. வேகம் உண்டு. பந்து ஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நேராகப் பந்து வந்தால் ஒதுங்குகிறான்."

கடைசியாக ஒரு வரி: "ஆகவே இந்த வருஷம் தேறமாட்டான்."

மேல் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பாளத்தைச் சுமந்தமாதிரி கனத்தது.

5. மில் டீம்

எதிராளி மில் டீம். அவர்களுடைய ஃபுல்பேக் ஒருவர் இருந்தார். அவர் நின்றால் கோல் போஸ்ட் தெரியாது.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல். நம் ஆள் இரண்டு தடவை "வழி!" என்று கத்தி ஒதுங்கினான், இரண்டு தடவையும் பந்து வெளியே. மில் இருக்கும் முதலியார்பேட்டையிலிருந்து வந்திருந்த கூட்டத்துக்குக் கொண்டாட்டம்.

"டேய் ஐஸு! பந்து கடிக்காதுடா!"

"வெயில்ல நிக்காத, கரைஞ்சிடுவ!"

முசியே ஏதோ குறித்துக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஐஸ் வண்டிக்குப் பின்னால் போய், வண்டிச் சக்கரத்தை ரொம்ப அக்கறையாகப் பரிசோதித்தேன்.

இடைவேளையில் தாவீது வந்தான். அவன் லெஃப்ட் ஹாஃப் ஆடிக்கொண்டிருந்தான். "மேஸ்திரி, நாலு மாசமா ஃபேக்டரில அவன் பின்னாடிதான் நிக்கிறேன். அவன் ஒதுங்கினா பாளம் எங்க வரும்னு எனக்குத் தெரியும். இங்கயும் பின்னாடியே நிக்கட்டுமா?"

"எங்க வேணா நில்லு. நான் செத்து அரை மணி நேரம் ஆச்சு."

தாவீது லெஃப்ட் இன்னுக்கு, அதாவது கலியனை ஒட்டிப் பின்னால் இடப்பக்கம், போனான்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து கலியனுக்கு நேராகச் சீறிக்கொண்டு வந்தது. ஃபுல்பேக் ஐயா கலியனை நசுக்கவே ஓடி வந்தார். கலியன் "வழி!" என்றான், ஒதுங்கினான். ஐயா அவனோடு சேர்ந்து ஒதுங்கினார். அவ்வளவு பெரிய உடம்பு கிளம்பிவிட்டால் நிற்குமா? பந்து காலியாக இருந்த இடத்தில் போனது. அங்கே தாவீது, ஃபேக்டரியில் நிற்கிற அதே இடத்தில், அதே முகத்தோடு நின்றான். வாங்கினான், அனுப்பினான். கோல்.

நான் சக்கரத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி அதே. "வழி!" கோல். கூட்டமே இப்போது அவனோடு சேர்ந்து "வழி!" கத்த ஆரம்பித்தது. கரைஞ்சிடுவ என்றவன் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்துக் கேட்டது.

மூன்றாவது தடவை மில்காரர்கள் சுதாரித்துவிட்டார்கள். பந்து வருவதற்கு முன்பே இரண்டு பேர் தாவீதை அணைத்துக்கொண்டார்கள். கலியன் "வழி!" என்று கத்தினான். ஆனால் ஒதுங்கவில்லை. கொக்கியால் பாளத்தைத் தட்டுகிற மாதிரி ஸ்டிக்கால் லேசாக ஒரு தட்டு, ஒரு திரும்பல். எதிரே கோல் கீப்பர் மட்டும்தான், அந்த ஆளும் தாவீதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றுக்கு ஒன்று.

"யோவ், ஒதுங்கறேன்னு கத்திட்டு ஒதுங்காம நிக்கிறியே, இது இன்னா ஞாயம்?" என்று ஃபுல்பேக் கேட்டார்.

"மன்னிச்சிக்குங்கண்ணே," என்றான் கலியன். "இது பாளம் இல்ல, பந்துன்னு இப்பத்தான் காலுக்குப் புரிஞ்சுது."

6. கடைசி வரி

விசில் அடித்ததும் கலியனைக் கட்டிப்பிடிக்க ஓடினேன். பாதி வழியில் சட்டைப் பை ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் முசியே என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார், கையை நீட்டியபடி.

"மேஸ்திரி, காகிதம்?"

புதிதாக எழுத நேரமில்லை. அவர் வந்து சேர்வதற்குள் முதுகைத் திருப்பி, கடைசி வரியை மட்டும் கிழித்தேன். எங்கே போடுவது? மைதானம் முழுக்க ஆள். வாயில் போட்டுக்கொண்டேன்.

முசியே நின்று நிதானமாக வாசித்தார். "வேகம் உண்டு... சரி. ஒட்டிக்கொள்ளும்... சரி. நேராகப் பந்து வந்தால் ஒதுங்குகிறான்." தொப்பியைக் கழற்றினார். "இத மேட்ச்சுக்கு முன்னாடியே எழுதிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது அவனுக்கு இத?"

என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். அது பொய்யில்லை.

"காகிதம் ஏன் கீழ கிழிஞ்சிருக்கு?"

தோளைக் குலுக்கினேன்.

"வாயில இன்னா?"

"வெத்தல, முசியே," என்று, விழுங்கிவிட்டு வாயைத் திறந்தேன். காப்பிங் பென்சில் ஈரம் பட்டால் ஊதாவாகும் என்பது எழுதும்போது தெரிந்திருந்தது, தின்னும்போது மறந்துவிட்டது. முசியே என் நாக்கை டிராயிங் வாத்தியாராக ஒரு நிமிடம் பார்த்தார்.

"இந்தக் கலர் வெத்தல நான் பாத்ததில்ல," என்றார். பிறகு நோட்டைத் திறந்து கலியமூர்த்தி என்று எழுதினார். அதற்குக் கீழே தாவீது என்றும் எழுதினார்.

கலியன் அந்த மழைக்கு ஊருக்குப் போகவில்லை, அதற்கடுத்த மழைக்கும் போகவில்லை. மூன்று நாள் நான் ஊதா நாக்கோடு மேஸ்திரி வேலை பார்த்தேன். பாளம் வரும்போது "வழி!" என்று வாயைத் திறந்தால், எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார்கள்.

இதைப் படிக்கும் இளைய மேஸ்திரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவனிடம் குறை கண்டால், அதை அவனுக்குப் பழக்கிவிட்டது யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஆள் உங்கள் செருப்பைத்தான் போட்டிருப்பான். அப்புறம், எத்தனையோ பேரைப் பற்றி எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு இன்னும் இருக்கிறது. கண்ணால் கண்டதை எழுதுவேன், கடைசி வரியை மட்டும் ஆட்டம் முடிகிற வரை காலியாக விட்டுவிடுவேன். மேலே சொன்ன நியாயமெல்லாம் உண்டுதான். ஆனால் முக்கியமான காரணம், அந்தப் பென்சில் ரொம்பக் கசப்பு.