மலைப் படத்தில் இல்லாத பாதை

மலையை அளக்க வந்தவனை நான் முதல் நாளே நம்பவில்லை. சர்க்கார் ஆள் என்றால் ஊருக்குள் வந்து சாவடியில் உட்காருவான். இவன் நேரே உச்சிக்குப் போய்க் கல்லைக் குவித்து வெள்ளைக்கொடி நட்டான். மூன்று கால் வைத்த பலகையில் காகிதம் விரித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எங்கள் மலையைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டான். காட்பாடியில் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் என் மைத்துனன், மலைக்குள் நிலக்கரி தேடுகிறார்கள் என்றான். கிடைத்தால் ஊரையே கிளப்பிவிடுவார்களாம்.

எங்களுக்கு அந்த மலைதான் சோறு. மேல்சரிவில் ஆவாரம்பட்டை உரித்து, கட்டிச் சுமந்து வந்து ஆம்பூர் தோல் ஷாப்பில் போடுவோம். அந்தப் பட்டை இல்லாமல் தோல் பதப்படாது. தாத்தா காலத்திலிருந்து நடந்து நடந்தே ஒரு பாதை விழுந்திருந்தது.

அந்த ஆள் என்னைத்தான் பிடித்தான். மேலே யார் போகிறீர்கள், எந்த வழியாக, எத்தனை தலைமுறையாக என்று தேனொழுகக் கேட்டான். உள்ளதைச் சொன்னால் படத்தில் ஏற்றுகிறேன், உங்களுக்குத்தான் நல்லது என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! பாதைக்கு வரி போடப் பார்க்கிறான் என்று நினைத்தேன். முந்தின நாளே பாதையின் வாயை இலந்தை முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தோம். யோசனை என்னுடையது.

"அங்க யாரும் போறதில்ல சாமி. வெறும் முள்ளு" என்றேன்.

என் மனைவி மட்டும், அந்த ஆளைப் பார்த்தால் பொய்க்காரனாகத் தெரியவில்லையே என்றாள். உனக்கு இன்னா தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். அவன் ஏமாந்து இறங்கிப் போனதை வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தோம்.

சில வருஷம் கழித்து மேல்சரிவைக் காப்புக்காடாக்கிக் கல் நட்டார்கள். பழைய பாதை உள்ள ஊர்களுக்கு மட்டும் பட்டை உரிக்க அனுமதி என்று தமுக்கடித்தார்கள். பக்கத்து ஊருக்குக் கிடைத்தது. நாங்கள் போனபோது காட்டு அதிகாரி மலைப் படத்தை விரித்தார். உச்சி இருந்தது, ஓடை இருந்தது, அடிவாரத்து ஒற்றைப் புளியமரம்கூட இருந்தது. எங்கள் பாதை இருக்கவேண்டிய இடத்தில் முள்காடு என்று எழுதியிருந்ததாம்.

மானம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். "பாதை இருக்குதுங்க. அன்னிக்கு நான்தான் பொய் சொல்லிட்டேன். வந்து பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்துகூட நடந்து தடம் போட்டிருப்பீங்க. அன்னிக்குப் பொய் சொன்னியோ, இன்னிக்குச் சொல்றியோ, நான் எப்படி நம்புறது?"

அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.