அண்ணன் கையில் வைத்த வெள்ளைப் பூங்கொத்து

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லார் கையிலும் இந்த நினைவு மலர்ப் புத்தகம் இருக்கும். எழுத உட்கார்ந்தபோது, ஒன்றைத் தவிர அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தபின் அந்த நினைப்பு போய்விட்டது. இது நாலாவது முறை. படிக்கக் குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவளே குழம்பித்தான் இருக்கிறேன்.

அண்ணன் கோலார் தங்கவயலில் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அம்மாவையும் என்னையும் பெங்களூருக்கு அழைத்து வந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம் குடிவைத்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டார். மின்விசிறி, மிக்சி, தண்ணீர் மோட்டார் என்று எது எரிந்துபோனாலும் அக்கம்பக்கத்தார் அவரிடம்தான் தூக்கி வருவார்கள். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அவர் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சை எடுத்தால், "சும்னே இரும்மா, இப்போ என்ன அவசரம்?" என்று சும்மா இருக்கச் சொல்வார், பாதிக் கன்னடத்தில். ஐம்பத்தெட்டு வயதிலும் அதே பதில்தான்.

கண்ணாடி மணியில் பூச் செய்யும் வேலை அவரிடம் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு கன்னியர் மடத்துக்கு மோட்டார் பழுதுபார்க்கப் போயிருந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய மலர்வளையம் ஒன்று இருந்தது. கடுகளவு கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோர்த்துச் செய்தது. பிரான்சிலிருந்து வந்த கன்னியர் ஒருவர் எப்போதோ கொண்டுவந்ததாம். கம்பி துருப்பிடித்து இதழெல்லாம் கழன்று கிடந்தது. "நீங்க கம்பி சுத்துறவர்தானே, இதையும் பாருங்களேன்" என்று தலைமைச் சகோதரி சொல்ல, அண்ணன் வாங்கி வந்துவிட்டார்.

ஓர் இதழைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, மறுபடி சுற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டார். முதலில் மணிகள் மொத்தத்தையும் கம்பியில் கோர்த்துவிட வேண்டும். பிறகு நடுக்கம்பியை நிறுத்தி, அதைச் சுற்றி வரிசை வரிசையாக மணிக்கம்பியை ஓட்டி இதழை அகலப்படுத்த வேண்டும். பாதியில் மணி தீர்ந்தால் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். "காயிலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அதுல கரண்ட் ஓடும், இதுல ஓடாது" என்று சிரிப்பார். பிரான்சில் இந்தப் பூக்களைக் கல்லறையில் வைப்பார்கள் என்று மடத்தில் சொன்னார்களாம். அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அம்மாவுக்கு ஒரு வளையம் செய்தார். கேட்டவர்களுக்கும் செய்து கொடுத்தார்.

சென்ற ஆண்டு கடையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்கு அவருக்கு உடுத்தக் கோட்டு எடுக்க பீரோவைத் திறந்தேன். வேட்டியில் பத்திரமாகச் சுற்றி வைத்த வெள்ளை மணிப் பூங்கொத்து ஒன்று இருந்தது. ரோஜாவும் மல்லிகை மொட்டுமாக, அப்படி ஓர் அழகு. "பாத்தீங்களா, தனக்குத்தானே செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கார்" என்று என் கணவரிடம் சொல்லி அழுதேன். நானே அதை அண்ணன் கையில் வைத்தேன். பிடி அவர் கைக்குச் சிறியதாக இருந்ததால் ஜெபமாலையால் கட்டினேன். தன் சாவுக்குத் தானே மலர் செய்த மனிதர் என்று பங்குத்தந்தை பிரசங்கத்தில் சொன்னார். நீங்கள் எல்லாரும் அழுதீர்கள். அந்தத் துக்கத்திலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாற்பது நாள் கழிந்திருக்கும். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஈஜிபுராலேந்து வரேன். பேரு கலா. பிளவுஸுக்கு ஆரி வேலை பண்றேன். சாருக்கு மணி கோத்துக் கொடுத்தது நான்தான், ஆறு வருஷமா."

அண்ணனே கோர்ப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். உட்காரச் சொன்னேன்.

"அந்த வெள்ளைப் பூ இருக்குதாக்கா? ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"அதை அண்ணன் கையிலயே வெச்சு அடக்கம் பண்ணிட்டோமே."

அவர் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. "ஏன்க்கா? அது கல்லறைப் பூ இல்லியே. காம்புல பட்டு நூல் சுத்தியிருந்துச்சே!"

அந்த நூலை நானும் பார்த்தேன், அன்றைய அழுகையில் அது உறைக்கவே இல்லை. கல்லறைப் பூவுக்கு அண்ணன் காம்பை நீளமாக, வெறும் கம்பியாக விடுவார், மண்ணில் குத்த வேண்டுமே. நூல் சுற்றுவது மணப்பெண் பிடிக்கும் கொத்துக்கு மட்டும், கம்பி கையைக் கீறக்கூடாது என்று. என் மகள் கல்யாணத்துக்கு அவர் அப்படிச் சுற்றியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

"யாருக்குன்னு செஞ்சார்?" என்று கேட்டேன்.

"சொல்லலைக்கா. முடியட்டும், சொல்றேன்னாரு. என் கையை நீட்டச் சொல்லி, பிடி தடிமன் எவ்ளோ வேணும்னு ஒரு நூல் வெச்சு அளந்தாரு. வேலைக்கு ஒரு பொம்பளை கை வேணும்னு அளந்தாரா, இல்லே எனக்கேதானா, தெரியலை. எங்க வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு."

"அவர் கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"அதைத்தான்க்கா நானும் யோசிச்சிட்டே இருக்கேன். கேக்காத கேள்விக்கு என்ன பதில் சொல்றது?"

எங்களுக்காகவே அண்ணன் தனியாக இருந்தார் என்று மூன்று முறையும் எழுதியிருந்தேன். இப்போது அந்த வரியை எழுதக் கை வரவில்லை. எங்களுக்காக இருந்தாரா, கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்தாரா? அல்லது அது வேறு யாரோ மணப்பெண்ணுக்கானதா? அப்படியானால் இத்தனை நாளில் யாராவது தேடி வந்திருக்க வேண்டாமா? "மண்ணைத் தோண்டியா கேக்க முடியும், விடு" என்கிறார் என் கணவர். என்னால் விட முடியவில்லை. ஒரு பெண்ணுக்குச் சேரவேண்டிய பூவை என் கையாலேயே புதைத்திருக்கிறேனோ என்று அழுகை வருகிறது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத அண்ணன் மேல் கோபமும் வருகிறது.

பிரசங்கத்தில் கேட்டது தவறாக இருக்கலாம். பங்குத்தந்தையிடம் அப்படிச் சொன்னவள் நான், பிழை என்னுடையது. அண்ணனைத் தூக்கிச் சென்ற தெருக்காரர்கள், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய அண்டை வீட்டார், கடையைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர்கள், பாடகர் குழுவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. இன்று கோவிலில் முதல் வரிசையில் என் பக்கத்தில் ஓர் இடம் விட்டிருக்கிறேன். கலாவை வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தால், உறவினர்கள் யாரும் அவரிடம் போய், "நீங்க எங்களுக்கு என்ன முறை?" என்று கேட்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவர் சொல்லாமல் போய்விட்டார்.

கண்ணீருடன்,
தங்கை