கருமணலும் ஐந்து ரோஜாக் கன்றுகளும்

போன வாரம் என் மகள் ஆன்லைனில் மண் வாங்கினாள். ஆமாம், மண்ணைத்தான்! பளபளப்பான பையில் ஐந்து கிலோ. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, கையைத் திறந்தேன். பொலபொலவென்று கொட்டிவிட்டது. "என்னப்பா பண்றீங்க?" என்று சிரித்தாள். ஒரு காலத்தில் என் மானமே அந்தப் பிடியில்தான் இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தேன். மணலில் அச்சு எடுத்து, உருக்கிய இரும்பை ஊற்ற வேண்டும். நல்ல அச்சு மணலைப் பிடித்தால் விரல் தடம் பதியும். உடைத்தால் வெட்டினாற்போல் இரண்டாகும். கை வைத்தே மணலை எடை போடுவதில் நான் புலி என்று எனக்கே ஒரு நினைப்பு.

கல்யாணமான புதிதில், பூந்தமல்லியிலிருந்து மச்சான் அந்தோணி தன் தங்கை, என் மனைவி ஸ்டெல்லாவுக்குச் சீராக ஐந்து ஒட்டு ரோஜாக் கன்றுகள் கொண்டுவந்தார். "மாப்ள, நல்ல மண்ணா பாத்து வையி. கிறிஸ்மஸுக்கு வருவேன், பூத்துகினு இருக்கணும்" என்றார்.

நல்ல மண்ணா? பட்டறைக்குப் பின்னால் மலையாய்க் கிடந்ததே, வெந்து தீர்ந்த கருமணல்! கரிசலே தோற்றுப்போகும். சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிவந்து தொட்டிகளை நிரப்பினேன். ஊற்றிய தண்ணீர் மேலேயே குட்டையாய் நின்றது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஈஸ்டருக்குள் மூன்று கன்றுகள் போய்ச் சேர்ந்தன.

"இரும்பு ஊத்துற மண்ணுல ரோஜா வளருமா? எங்க அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று ஸ்டெல்லா அழுதாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மீதி இரண்டையாவது காப்பாற்றியே தீருவது என்று இறங்கினேன்.

சித்திரையில் தெருக்கோடித் தாங்கல் வற்றியது. எங்கள் பக்கத்தில் சின்ன ஏரிக்கு அதுதான் பெயர். அதிலிருந்து வண்டல் வெட்டினேன். செம்மண்ணும், பால்காரர் கொட்டகையில் மக்கிய எருவும் சேர்த்தேன். எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பழக்கதோஷத்தில் கை ஒரு பிடி பிடித்துப் பார்த்தது. உருண்டை சுத்தமாக இரண்டாய் உடைந்தது. ஐயையோ, இது அச்சு மணல் அல்லவா! பட்டறையில் பாஸ் ஆவது இங்கே பெயில் ஆக வேண்டும் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. எருவைக் கூட்டிக் கூட்டிப் பிடித்தோம். கடைசியில் ஸ்டெல்லா பிடித்த உருண்டை உருண்டையாகவே நின்றது. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. "இதாங்க!" என்று கத்தினாள். தண்ணீர் வடியத் தொட்டியின் ஓட்டையில் ஓட்டாஞ்சில்லு வைத்து, இரண்டு கன்றுகளையும் மாற்றி நட்டோம்.

கிறிஸ்மஸ் அன்று மச்சான் வந்தார். "அஞ்சு குடுத்தேன், ரெண்டுதான கீது?"

நான் வாய் திறக்குமுன் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "அஞ்சு செடி பூவும் இந்த ரெண்டுலயே பூத்துகீது. நீயே எண்ணிப் பாரேன்."

மச்சான் எண்ணவில்லை. தொட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். போகும்போது ஸ்கூட்டரில் ஒரு மூட்டை மண் ஏற்றிக்கொண்டு போனார். பூவுக்குப் பேர்போன பூந்தமல்லிக்கே மண் அனுப்பியவனய்யா நான்!

பட்டறை இப்போது கிடங்காகிவிட்டது. தாங்கலைத் தூர்த்து அடுக்குமாடி கட்டினார்கள். அதன் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறோம். பால்கனியில் அந்தப் பழைய ரோஜாத் தொட்டிகளில் ஒன்று இருக்கிறது. மகள் தன் பை மண்ணோடு அதை நெருங்கியதும், "அதுல கை வெச்ச, அவ்ளோதான்!" என்று ஸ்டெல்லா குறுக்கே நின்றுவிட்டாள். தாங்கலில் மிஞ்சியது அந்த ஒரு தொட்டி மண்தான். இன்று காலை அதில் மொட்டு விட்டிருக்கிறது.